பூசுங்க சார்... பார்த்துப் பூசுங்க!

‘ஆம்பளைக்கு எதுக்கு அழகு?’ என்று மீசையை முறுக்குபவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். டூ-வீலரில் ஆபீஸ் போய், மூக்கில் எண்ணெயும் கன்னத்தில் கறுப்புமாக வீடு திரும்பும் மற்றவர்கள் என்னோடு நாட்டு மருந்துக் கடைக்கு வாங்க.

‘நலங்கு மாவு’ என்றால் பொட்டலம் கட்டித் தருவார்கள். உள்ளே என்னென்ன இருக்கு என்று நான் கேட்டுவிட்டுத்தான் காசை நீட்டுவேன். பச்சைப்பயறு எண்ணெய்ப் பசையை எடுக்கும். சோப்பு மாதிரி காரத்தன்மை கிடையாது. வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் வாசனைக்கு. கஸ்தூரி மஞ்சளில் கற்பூர வாசம் வரணும். முகத்தில் மஞ்சள் ஒட்டக்கூடாது. ஒட்டினால் அது வேற சரக்கு! (ஆபீஸில் ‘என்ன சார், நலங்கா?’ என்பார்கள்.)

உஷாராக இருக்க வேண்டியது கார்போக அரிசியிடம். சில பொட்டலங்களில் இதுவும் உண்டு. இதிலுள்ள சோரலென், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும். வெண்புள்ளிக்கு வைத்தியர்கள் இதை அளந்து தருவதும் வெயிலோடு அதற்குள்ள இந்த உறவுக்காகத்தான். காலையில் பூசிக்கொண்டு வண்டியில் கிளம்பினால் கறுப்பு போகாது, கூடும். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் இதே வம்புதான்.

அதனால் சரக்கைத் தனித்தனியாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்துக்கு, அதுவும் ராத்திரியில். ஷேவ் பண்ணின கையோடு வேண்டாம்.

‘மூலிகைதானே, என்ன பண்ணிடும்?’ என்கிறீர்களா? கடை போர்டை இன்னொரு தடவை படிங்க சார்... நாட்டு ‘மருந்து’க் கடை!