ஒற்றைக் கால் வாசல்!
நாகசாகி துறைமுகத்தில் நண்பர்களுடன் ஒரு நாள்

ஜப்பான் நாட்டின் தென்மேற்குக் கோடியில் கியூஷூ என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அந்தத் தீவின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகப் பட்டினம்தான் நாகசாகி.

மூன்று பக்கம் மலை. ஒரு பக்கம் கடல். மலைச் சரிவில் படிப்படியாக வீடுகள். நடுவே ஓடும் டிராம் வண்டிகள். பார்க்கப் பார்க்க அழகான ஊர்.

இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அணுகுண்டு!

ஆனால், குண்டு விழுவதற்கு முன்பும் நாகசாகிக்கு ஒரு கதை உண்டு. விழுந்த பிறகும் ஒரு கதை உண்டு. டிராமில் ஏறியும், கொஞ்சம் நடந்தும், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெளியூர்களுக்குச் சுற்றுலா அழைத்துப் போவது நெடுநாள் வழக்கம். அந்தச் சுற்றுலாவில், பெரும்பாலும் ஒரு நாளைப் பிள்ளைகளின் பொறுப்பிலேயே விட்டுவிடுவார்கள். நண்பர்கள் ஐந்தாறு பேராகப் பிரிந்து, ஊர்ப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தாங்களே சுற்றிப் பார்க்க வேண்டும். நாகசாகிக்கு வரும் இப்படிப்பட்ட நண்பர் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை.

அவர்கள் போகும் வழியில் ஒரு நாள் போனால் என்னென்ன காணலாம்?

12 வயதுச் சிறுவன்

ரெயில் நிலையத்தின் அருகிலேயே ஒரு சிறிய குன்று. பெயர் நிஷிசாகா. அங்கே ஒரு நீண்ட சுவரில், 26 பேரின் வெண்கல உருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

யார் இவர்கள்?

1597-ம் ஆண்டு, பிப்ரவரி 5-ந்தேதி இந்தக் குன்றில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள். அப்போது ஜப்பானை ஆண்டவர் ஹிதேயோஷி. "முதலில் பாதிரியார்கள் வருவார்கள். பின்னாலேயே அவர்கள் நாட்டுப் படை வரும்" என்ற சந்தேகம் அவருக்கு ஏற்பட்டது. அவருடைய உத்தரவின்படி, 26 பேரையும் கடுங்குளிரில் நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டு வந்தார்கள். சிலுவையில் கட்டி, ஈட்டியால் குத்திக் கொன்றார்கள்.

26 பேரில் 20 பேர் ஜப்பானியர்கள். மிகவும் இளையவனுக்கு வயது 12! சுற்றுலா வரும் பிள்ளைகள் அந்த உருவத்தின் முன்னால் சற்று நேரம் நிற்பதில் வியப்பில்லை. கிட்டத்தட்ட அவர்கள் வயதுதானே அவனுக்கும்.

மற்ற 6 பேரில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். மும்பைக்கு வடக்கே உள்ள வசாய்தான் அவர் ஊர். பெயர் கொன்சாலோ கார்சியா. தந்தை போர்ச்சுகீசியர், தாயார் இந்தியப் பெண்.

விசிறித் தீவு

குன்றிலிருந்து இறங்கி டிராமில் ஏறினால், சில நிமிடங்களில் தெஜிமா வந்துவிடும். டிராமில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். இறங்கும்போது காசைப் பெட்டியில் போட்டால் போதும்.

தெஜிமா என்பது கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு. விசிறி போன்ற வடிவம். பரப்பளவு நாலு ஏக்கர்கூட இல்லை!

இவ்வளவு சிறிய தீவை எதற்காக உண்டாக்கினார்கள்?

வெளிநாட்டார் ஜப்பானியரோடு கலந்து பழகுவதை அன்றைய ஆட்சி விரும்பவில்லை. ஆனால் வாணிபம் மட்டும் வேண்டும். ஆகவே, 1636-ல் இந்தத் தீவைக் கட்டி முடித்து, போர்ச்சுகீசிய வியாபாரிகளை அதற்குள் வைத்தார்கள். 1639-ல் அவர்களையும் நாட்டைவிட்டே விரட்டினார்கள். 1641-ல் டச்சுக்காரர்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள்.

கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரே ஒரு பாலம். அதில் காவல். அனுமதி இல்லாமல் டச்சுக்காரர்கள் வெளியே வர முடியாது. ஊர் மக்கள் உள்ளே போக முடியாது. இப்படி 200 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது!

வாசல் சிறியதுதான். ஆனால் அதன் வழியாக வந்தவை பெரியவை. மேல்நாட்டு மருத்துவம், வான நூல், காபி எல்லாம் இந்தத் தீவின் வழியாக ஜப்பானுக்குள் நுழைந்தன. கப்பல் கப்பலாகச் சர்க்கரையும் வந்து இறங்கியது.

நாகசாகியில் இன்றும் புகழ் பெற்ற தின்பண்டம் 'காஸ்தேரா'. முட்டை, சர்க்கரை, மாவு சேர்த்துச் செய்யும் மெத்தென்ற கேக் இது. செய்முறையைச் சொல்லிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். விரட்டப்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கொடுத்த இனிப்பு போகவில்லை!

இப்போது தெஜிமாவைச் சுற்றிக் கடல் இல்லை. தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். பழைய வீடுகளையும் கிடங்குகளையும் முன்பு இருந்தபடியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். முன்பு பாலம் இருந்த பக்கத்தில், 2017-ல் ஒரு புதிய பாலமும் போட்டார்கள்.

மூக்குக் கண்ணாடிப் பாலம்

தெஜிமாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நகாஷிமா ஆறு. அதன்மேல் இரண்டு வளைவுகள் கொண்ட கல் பாலம். தண்ணீரில் அதன் நிழல் விழும்போது, இரண்டு வளைவுகளும் இரண்டு வட்டங்களாகத் தெரியும். அச்சாக ஒரு மூக்குக் கண்ணாடி! அதனால், 'கண்ணாடிப் பாலம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கரையில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளாத நண்பர் கூட்டம் கிடையாது.

1634-ல் இதைக் கட்டியவர் ஒரு சீன புத்த பிக்கு.

1982-ம் ஆண்டு ஜூலை மாதம் நாகசாகியில் பெருமழை கொட்டியது. ஆற்றில் வெள்ளம் புரண்டது. பல கல் பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. கண்ணாடிப் பாலமும் பாதி உடைந்தது. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆற்றில் விழுந்த கற்களைத் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டே பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள்.

உடைந்ததைத் தூக்கி எறிந்துவிடாத ஊர் இது. மாலையில் பார்க்கப்போகும் இடங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஏழை மாணவர் சாப்பாடு

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சீனத் தெருவுக்குப் போகலாம். அங்கே கிடைப்பது 'சாம்பொன்'. வெள்ளை வெளேரென்ற கெட்டியான சாற்றில் சேமியா போன்ற தடித்த மாவிழைகள், முட்டைக்கோஸ், இறால், கணவாய், பன்றி இறைச்சி எல்லாம் போட்டு, பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்கத் தருவார்கள்.

சீனாவிலிருந்து வந்த ஒருவர், 1899-ல் நாகசாகியில் உணவு விடுதி திறந்தார். படிக்க வந்த சீன மாணவர்களின் கையில் காசு குறைவு. அவர்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமே என்று அவர் உண்டாக்கியதுதான் சாம்பொன். இன்று நாகசாகி என்றாலே சாம்பொன் என்று ஆகிவிட்டது!

250 ஆண்டு ரகசியம்

சாப்பிட்டபின், தெற்கே ஓரா மேட்டில் ஏற வேண்டும். அங்கே வெள்ளை நிறத்தில் ஒரு மாதா கோவில். பிரெஞ்சுப் பாதிரியார்கள் 1864-ல் கட்டியது. பக்கத்திலேயே, ஸ்காட்லாந்து வியாபாரி தாமஸ் குளோவர் 1863-ல் கட்டிய வீடும் தோட்டமும் இருக்கின்றன. தோட்டத்தில் நின்று பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும்.

மாதா கோவிலைத் திறந்த சில வாரங்களில் ஓர் அதிசயம் நடந்தது.

ஜப்பானில் கிறிஸ்தவ மதத்துக்குத் தடை போட்டு 250 ஆண்டுகள் ஆகியிருந்தன. இயேசு, மாதா உருவங்களைக் காலால் மிதிக்கச் சொல்லிச் சோதனை செய்த காலம் அது. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் யாருமே மிஞ்சவில்லை என்று உலகம் நினைத்தது.

1865 மார்ச் 17-ந்தேதி, உரகாமி என்ற கிராமத்திலிருந்து சிலர் மாதா கோவிலுக்கு வந்தார்கள். ஒரு பெண்மணி பாதிரியாரின் அருகில் போய், தாங்களும் அதே மதத்தினர்தான் என்று மெல்லச் சொன்னார். பாதிரியார் திகைத்துப் போனார். குருவும் இல்லை, கோவிலும் இல்லை. ஆனாலும் அப்பன் பிள்ளைக்கும், பிள்ளை பேரனுக்கும் சொல்லிக் கொடுத்து, ஏழு தலைமுறையாக ரகசியமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்!

செய்தி வெளியே தெரிந்ததும் ஆபத்து வந்தது. உரகாமியைச் சேர்ந்த 3 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1873-ல் தடை நீங்கியபின் திரும்பி வந்தார்கள். 1895-ல் தங்களுக்கென்று ஒரு மாதா கோவில் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

அந்த உரகாமியின்மேல்தான், பின்னால் அணுகுண்டு விழுந்தது.

மணி 11.02

மத்தியானத்துக்குமேல், வடக்கே போகும் டிராமில் ஏறி உரகாமிக்குப் போக வேண்டும். காலையிலிருந்து கலகலவென்று பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் இங்கே பேச்சைக் குறைத்துவிடுவார்கள்.

1945 ஆகஸ்டு 9-ந்தேதி. அமெரிக்க விமானம் முதலில் தேடிப் போனது நாகசாகியை அல்ல; கோகுரா என்ற வேறு ஊரை. அங்கே புகையும் மேகமும் மறைத்தன. ஆகவே விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அங்கும் மேகம். மேக இடைவெளியில் குண்டைப் போட்டார்கள். குறி வைத்த இடத்தைவிட்டு விலகி, உரகாமிக்குமேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில் அது வெடித்தது. அப்போது மணி 11.02.

அன்று நாகசாகியில் இருந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். அந்த ஆண்டு முடிவதற்குள், சுமார் 74 ஆயிரம் பேர் இறந்து போனார்கள். ஏறத்தாழ 3 பேருக்கு ஒருவர்! நடுவே மலைகள் தடுத்ததால் ஊரின் ஒரு பகுதி தப்பியது.

குண்டு வெடித்த இடத்திலிருந்து 800 மீட்டர் தூரத்தில், மேட்டின்மேல் சன்னோ என்ற ஷிண்டோ கோவில் இருக்கிறது. அதற்குப் போகும் படிக்கட்டில் கல்லால் ஆன ஒரு தோரண வாசல். குண்டின் வேகத்தில் அதன் ஒரு கால் பெயர்ந்து விழுந்தது. மறு கால், தலையில் பாதி உத்தரத்தைச் சுமந்தபடி நின்றுவிட்டது.

இன்றும் நிற்கிறது, ஒற்றைக் காலில்!

விழுந்த காலைத் திரும்ப நிறுத்தவில்லை. நின்ற காலை இடிக்கவும் இல்லை. விழுந்த துண்டுகளைப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் அந்தப் பாதி வாசல் வழியாகவே போகிறார்கள்.

உள்ளே இரண்டு பெரிய கற்பூர மரங்கள். குண்டின் அனலில் கருகி மொட்டையாக நின்றவை. பட்டுப் போயின என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவை மீண்டும் துளிர்த்தன. இன்று அந்த நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம்.

தண்ணீர்! தண்ணீர்!

அங்கிருந்து காட்சி சாலைக்குப் போகலாம். 11.02-ல் நின்றுபோன சுவர்க் கடிகாரம் அங்கே இருக்கிறது. வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு, குண்டிலிருந்து தப்பியவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்வது வழக்கம்.

அப்படிச் சொல்கிறவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். இரண்டு ஊர்க் குண்டுகளிலும் தப்பியவர்களில், 2025 மார்ச்சு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. சராசரி வயது 86-க்கு மேல். அவர்களுடைய சங்கம் 1956-ல் இதே நாகசாகியில்தான் தொடங்கப்பட்டது. 2024-ல் அதற்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நேரில் கண்டவர் வாயால் கேட்கும் கடைசிப் பிள்ளைகள், இன்றைய பிள்ளைகளாகவே இருக்கக்கூடும்.

அடுத்தது சமாதானப் பூங்கா. 1955-ல் வைத்த மாபெரும் சிலை. வலது கை வானத்தைக் காட்டுகிறது. 'ஆபத்து அங்கிருந்து வந்தது' என்று பொருள். இடது கை பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. அது சமாதானம். கண்கள் இலேசாக மூடியிருக்கின்றன, இறந்தவர்களுக்கான பிரார்த்தனையில். பிள்ளைகள் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த கொக்குகளை மாலை மாலையாகத் தொங்க விடுகிறார்கள்.

பூங்காவில் ஒரு நீரூற்றும் உண்டு. உடல் வெந்து, 'தண்ணீர்! தண்ணீர்!' என்று கேட்டுக்கொண்டே எத்தனையோ பேர் அன்று உயிர் விட்டார்கள். அவர்களுக்காக 1969-ல் அமைத்தது அது. அன்று கிடைக்காத தண்ணீர், அங்கே பாய்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது மணி

கடைசியாக, உரகாமி மாதா கோவில். ரகசியமாக மதத்தைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டிய கோவில், ஒரே நொடியில் இடிந்தது. உரகாமியில் இருந்த சுமார் 12 ஆயிரம் கத்தோலிக்கர்களில், ஏறத்தாழ 8 ஆயிரத்து 500 பேர் மாண்டார்கள்.

கோபுரங்களில் இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று உடைந்தது. மற்றொன்றை இடிபாடுகளிலிருந்து முழுசாகத் தோண்டி எடுத்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு, அதைக் கட்டி அடித்தார்கள். சாம்பல் மேட்டில் உயிரோடு இருந்தவர்கள் அந்த ஓசையைக் கேட்டார்கள்.

இடிந்த சுவர்களை அப்படியே வைக்க வேண்டும் என்றார்கள் சிலர். முன்னோர் கட்டிய இடத்திலேயே திரும்பக் கட்ட வேண்டும் என்றார்கள் கோவிலைச் சேர்ந்தவர்கள். முடிவில், 1958-ல் சுவர்களை அகற்றி, 1959-ல் புதுக் கோவிலைக் கட்டினார்கள். பழைய சுவரின் ஒரு துண்டு, குண்டு வெடித்த இடத்தில் இன்றும் நிற்கிறது.

புதுக் கோவிலுக்கும் இரண்டு கோபுரங்கள். ஆனால் மணி ஒன்றுதான். மற்றக் கோபுரம் வெறுமையாகவே இருந்தது.

2025-ல் அதற்கும் ஒரு மணி வந்தது. கொடுத்தவர்கள் யார்? அமெரிக்கக் கத்தோலிக்கர்கள்! பணம் திரட்ட முன்நின்றவர் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். அவருடைய பாட்டனார், அணுகுண்டு செய்த திட்டத்தில் டாக்டராக வேலை பார்த்தவர்.

2025 ஆகஸ்டு 9-ந்தேதி காலை 11.02-க்கு, 80 ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டு கோபுரங்களிலும் மணிகள் சேர்ந்து ஒலித்தன.

இருட்டியதும், நண்பர்கள் கூட்டம் 333 மீட்டர் உயரமுள்ள இனாசா மலையில் ஏறும். கம்பியில் ஓடும் தொங்கு வண்டியும் உண்டு. கீழே கடலைச் சுற்றி, மலைச் சரிவெல்லாம் விளக்குகள். வீட்டுக்கு வீடு யாரோ சமைக்கிறார்கள். யாரோ படிக்கிறார்கள். 1945-ல் குண்டு எரித்த இடம் எது, தப்பிய இடம் எது என்று அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.