மூன்று பிளஸ்

ஒரே அளவுக் கட்டி, ஒரே அறுவை சிகிச்சை, ஒரே மருந்து. அப்படியும் ஒருவர் பத்தாண்டு நன்றாக இருப்பார்; இன்னொருவருக்கு ஓரிரு ஆண்டிலேயே எலும்பிலோ ஈரலிலோ நோய் திரும்பிவிடும். ஏன் என்று கேட்டால், 1980-களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய் மருத்துவரிடம் முழுப் பதில் கிடையாது.

1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டென்னிஸ் ஸ்லாமனின் குழு 189 கட்டிகளை ஆராய்ந்தது. ஏறக்குறைய 30 சதவீதக் கட்டிகளில் ஹெர்2 என்ற மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. நோய் சீக்கிரம் திரும்பியதும் அந்தப் பெண்களுக்குத்தான். (அந்த விகிதம் 15 முதல் 20 வரைதான் என்பது இன்றைய கணக்கு.)

ஹெர்2, செல்லின் சவ்வில் ஊன்றி நிற்கும் புரதம். அதன் உள்பாதி ஒரு நொதி: டைரோசின் கைனேஸ். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிப் புரதத்தின் டைரோசின் மீது ஒட்டுவதே அதன் வேலை. ஒட்டியதும் பிஐ3 கைனேஸ் விழிக்கிறது, அது ஏகேடி நொதியை எழுப்புகிறது. 'பெருகு, சாகாதே' என்ற உத்தரவு உட்கரு வரை போய்ச் சேருகிறது. இயல்பான செல்லில் இது அளவோடு நடக்கும். மரபணு பெருகிவிட்டால் சவ்வெங்கும் ஹெர்2 நெருக்கியடித்து நின்று, ஒன்றோடொன்று தானாகவே இணையும். யாரும் அழுத்தாமலே ஓயாமல் அடிக்கும் அழைப்பு மணி மாதிரி.

அன்று ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி மட்டும்தான். 1998-இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் ஒப்புதல் பெற்றது. அந்தப் புரதத்தின் வெளிப்பாதியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அது. அறுவைக்குப் பின் கீமோவுடன் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2005-இல் தெரிந்தது. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு பெரிய ஆதாயம் அபூர்வம். 2007-இல் வந்த லாபாடினிப் மாத்திரையோ செல்லுக்குள் புகுந்து, ஏடிபி அமர வேண்டிய இடத்தில் தானே அமர்ந்து நொதியை முடக்கியது.

இன்று பயாப்சித் துண்டை நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். செல்களின் விளிம்பு முழுக்க ஹெர்2-ஐக் காட்டும் சாயம் அடர்பழுப்பாக ஏறியிருந்தால் மூன்று பிளஸ்: டிராஸ்டுசுமாப் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, பெரும்பாலும் ஓராண்டு. இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ. பெங்களூரு பயோகானின் மலிவான மாற்று 2014-இல் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சிக்கல், சாயம் அரைகுறையாக ஏறிய இரண்டு பிளஸில் இருக்கிறது. மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தால்தான் அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். அதற்குத் தனிச் செலவு. மருந்து பலிக்குமா என்று தெரியாமலே அந்த இடத்தில் நின்றுவிடும் பெண்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மருந்துக்கு உதவும் காப்பீடு இந்தப் பரிசோதனைக்கும் உதவ வேண்டும்.