8 இன்ச் மானிட்டரை இஎம்ஐ-ல வாங்கலாமா?

"வீட்டில கிட்டார் ரெக்கார்ட் பண்றேன், 5 இன்ச் மானிட்டரை வித்துட்டு 8 இன்ச் வாங்கலாமா சார்?"னு நிறைய பேர் கேக்கறீங்க.

அதைப் பண்ணி மாட்டினவன் நான். 8 இன்ச் ஜோடியை 'நோ காஸ்ட்' இஎம்ஐ-ல எடுத்தேன். வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ் ரெண்டும் கார்டு ஸ்டேட்மென்ட்ல வந்துச்சு. சவுண்ட்ல அதைவிடப் பெரிய நஷ்டம். என் ரூம் 10-க்கு 10. பத்தடி இடைவெளியில் சுமார் 56 ஹெர்ட்ஸ் கும்முனு எதிரொலிக்கும்; சதுர ரூம்னா நீளம், அகலம் ரெண்டுலயும் அதேதான். 8 இன்ச் அதை நல்லாவே கிளப்பிவிடும். பேஸ் ஜாஸ்தின்னு நினைச்சு நான் மிக்ஸ்ல குறைச்சேன். கார்ல போட்டா பாட்டு சப்புன்னு இருந்துச்சு!

கிட்டாரோட தடிமனான 'ஈ' கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். யமஹா எச்எஸ்5 மாதிரி 5 இன்ச் மானிட்டர் 74 வரைக்கும் பெருசா குறையாம கொடுக்கும். பேஸ் கிட்டார் (41) சேர்த்தா ஹெட்ஃபோன்லயும் ஒருமுறை கேட்டுடுங்க.

அதனால முதல் செலவு ரூமுக்கு: மூலைகள்ல கனமான ராக்வூல் பேனல், காது உயரத்துக்கு ஸ்டாண்டு.

அப்புறமும் மாத்தணுமா? ரெக்கார்டிங் உங்க தொழிலா இருந்து, ரெகுலர் ஜிஎஸ்டி-ல இருந்தா, பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பர் கட்டாயம். 40,000 ரூபாய் பில்லுல 6,102 ரூபாய் கிரெடிட் கிடைக்கும். மீதி 33,898-க்குத்தான் 15% தேய்மானம். அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவா யூஸ் பண்ணா பாதி.

ஹாபின்னா இது எதுவும் கிடையாது. காசு சேர்த்து வாங்குங்க.