இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் உண்மையில் பாதுகாப்பு அளிக்கிறதா?

கொல்கத்தா: மழையில் நனைந்த டிராம் தண்டவாளத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால், சக்கரம் சுழலாமல் நின்று மோட்டார் சைக்கிள் சறுக்கும். இதைத் தடுக்க உருவானதே ஏபிஎஸ். சக்கரம் நிற்க முற்படும்போது, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது.

ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்களில் உயிரிழப்பு விபத்து விகிதம் 22 சதவீதம் குறைவு என்கிறது அமெரிக்க ஆய்வு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

125 சிசிக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அனைத்து இருசக்கர வாகனங்களுக்கும் இதை விரிவுபடுத்தும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025-இல் வெளியிட்டது.

எனினும், வழுக்கும் தண்டவாளத்தில் இல்லாத பிடிமானத்தை ஏபிஎஸ் உருவாக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, வளைக்காமல் நேராகக் கடப்பதே பாதுகாப்பு.