பாறு கழுகைக் காக்கும் இடம் மாட்டுக் கொட்டகை

குமாரபாளையத்தையும் பள்ளிபாளையத்தையும் தொட்டு ஓடும் காவிரியில் மோயாற்றுத் தண்ணீரும் கலந்திருக்கிறது. முதுமலைக் காட்டைக் கடந்துவரும் மோயாறு ஆழமான பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் 20 கிலோமீட்டர் அதற்குள்ளேயே ஓடுகிறது. பிறகு பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, கூடுதுறை வழியாகக் காவிரிக்கு வருகிறது. தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் இன்னமும் கூட்டமாக வாழ்ந்து குஞ்சு பொரிக்கும் இடங்களில் முக்கியமானது இந்தப் பள்ளத்தாக்கு.

வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு தேடுவது மனிதரும் சிறுத்தையும் ஏற முடியாத செங்குத்துப் பாறைகளை. அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் வளர்ந்த பறவை ஒன்று செத்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

கூடு அவ்வளவு பாதுகாப்பாக இருந்தும் 1990களில் இந்தியா முழுவதும் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கருங்கழுத்துப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004இல் தெரிந்தது. மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் அது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால் பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் சுண்ணாம்புப் பூச்சுபோல் உள்ளுறுப்புகளில் படியும். பாறுகள் கூட்டமாக இறங்கித் தின்பவை என்பதால் ஒரே சடலம் பல பறவைகளைக் கொல்லும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இத்தனை பெரிய அழிவு நேரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தச் சிக்கலில் மிகவும் கொடியது எனக்கு இந்தக் கணக்குதான். பெரும்பாலோர் ஒழுங்காக நடந்துகொண்டாலும் போதாது.

மத்திய அரசு 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015இல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. இதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023இல்தான் தடை வந்தது. ஒரு மருந்தை அடைப்பதற்குள் இன்னொன்று புழக்கத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி இழந்த ஆண்டுகள் மிக அதிகம்.

பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்று மருந்து உண்டு. அதன் பெயர் மெலாக்சிகாம். கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு மோயாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடை வளர்ப்போரிடமும் மருந்துக்கடைகளிலும் இதை எடுத்துச் சொல்லிவருகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து 2023 பிப்ரவரியில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் தெரிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் 320. எண்ணும் இடங்கள் கூடினாலும் எண்ணிக்கை கூடும் என்பதால், இதை அப்படியே இனப்பெருக்கம் என்று கொண்டாடிவிட முடியாது.

இன்னொரு ஆபத்து விஷம். மாட்டை அடித்த புலியையோ சிறுத்தையையோ பழிவாங்க, மிச்சமிருக்கும் சடலத்தில் பூச்சிமருந்து தடவுவார்கள். அதை முதலில் தின்னவருவது பெரும்பாலும் பாறுதான். மாட்டை இழந்த குடும்பத்துக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கிடைத்தால் இந்தக் கோபம் பாதி தணியும்.

நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்கும் நியாயம் உண்டு. பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர்கூடப் பறந்து இரை தேடும். மோயாற்றுக் கரைக்கு மட்டும் வேலி போட்டு அதைக் காக்க இயலாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழகம் முழுக்க மாட்டுக்கு மருத்துவம் பார்க்கிறார்கள். மாட்டுக்குக் காய்ச்சலோ மடிவீக்கமோ வரும்போது, போடப்போவது எந்த ஊசி என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி மருந்து வேண்டுமென்றால் மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். கடையில் சீட்டில்லாமல் வேறு எதையாவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.