தராசைப் பார்த்த கண்

எங்கள் தெருவுக்குப் பழைய பேப்பர்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். சைக்கிள் கேரியரின் இரு பக்கமும் கோணிப்பை, ஹேண்டில்பாரில் கைத்தராசு. அம்மா உடனே பேப்பர் கட்டை எடுத்துவர மாட்டாள். முதலில் வெறும் தராசைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் படிக்கல்லை வாங்கிக் கவிழ்ப்பாள். அடியில் ஈயம் அடைத்த குழியும் அதில் அரசு முத்திரையும் இருக்க வேண்டும். "பத்து வருஷமா வர்றேன், என்னை நம்பலையாம்மா?" என்பார் அவர். "உன்னை நம்பறேம்ப்பா, தராசைத்தான் பார்க்கிறேன்" என்பாள்.

வீட்டுச் சாமான் விற்பது என்றால் அப்போது அவ்வளவுதான். பழைய பட்டுப்புடவையைக் கொடுத்து எவர்சில்வர் அடுக்கு வாங்குவார்கள்; அரை மணி நேரம் பேரம் நடக்கும். பீரோ, கட்டில் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லி வைப்பார்கள். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தது, 1985-இல் தீப்பிடித்து எரியும் வரை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றும் பழைய மிக்ஸியும் நாற்காலியும் கைமாறுகின்றன. ஏமாற்று அன்றும் உண்டு. ஆனால் போனால் அரைக் கிலோ எடை போகும். ஏமாற்றியவர் அடுத்த ஞாயிறு அதே தெருவுக்கு வந்தாக வேண்டும்.

வீடு மாறியபோது எங்கள் பழைய ஃப்ரிட்ஜைப் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டேன். விலை 6,500 ரூபாய். பத்து நிமிடத்தில் போன் வந்தது. ராணுவத்தில் இருக்கிறாராம், சென்னைக்கு மாற்றலாகி வருகிறாராம். சொன்ன விலைக்கே சம்மதம். முன்பணம் வேண்டாம், முழுப் பணத்தையும் இப்போதே தருகிறேன் என்றார். அடையாள அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பினார், அதுவும் வந்தது. பிறகு ஒரு க்யூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், பணம் வந்துடும்."

போட்டேன். பணம் வரவில்லை, 6,500 ரூபாய் போனது. "தப்பாயிடுச்சு சார், இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்துடும்" என்றது அதே குரல், பதறாமல். மறுபடி ஸ்கேன் செய்யப் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டாள்: "பழைய சாமானை எவனாவது பேரம் பேசாம வாங்குவானாடா?"

யூபிஐ 2016-இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதில் பின் நம்பர் கேட்பது நம் பணம் வெளியே போவதற்கோ, நம் இருப்பைப் பார்ப்பதற்கோதான். உள்ளே வரும் பணத்துக்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதியை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். இதை வைத்து நடந்த மோசடி அத்தனை. ஆனால் க்யூஆர் கோடு இருக்கிறது. அதைக் காட்டிப் பேசும் வாயும் இருக்கிறது. வேறு சிலர் வங்கியிலிருந்து வந்ததுபோலவே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, "கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள்.

ஃப்ரிட்ஜ் பிறகு விற்றது, அம்மாவின் முறைப்படி. போன் நம்பர் கொடுக்காமல் செயலிக்குள்ளேயே பேசினேன். ஃப்ரிட்ஜை முன்கூட்டியே கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு இறக்கி, மோட்டார் அறை பிளக்கில் இணைத்து வைத்தேன். வாங்க வருகிறவர் நம் வீட்டுக்குள் வந்து எத்தனை பேர் இருக்கிறோம், பீரோ எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தேவையே இல்லை. பகல் நேரம், எதிர்வீட்டு அண்ணன் கூட நின்றார். வந்தவர் கதவைத் திறந்து மூடினார், ரப்பரைத் தடவினார், கம்ப்ரஸர் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார், 700 ரூபாய் குறைக்கச் சொன்னார். அவர் பேரம் பேசப் பேச எனக்கு நிம்மதியாக இருந்தது. பணம் அனுப்பியதாக அவர் போனைக் காட்டியபோது அதைப் பார்க்கவில்லை. என் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றவிட்டேன்.

போன 6,500 திரும்பவில்லை. வெட்கப்பட்டு ஒரு நாள் முழுக்க வெளியில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதற்குள் பணத்தை எடுத்துவிட்டார்கள். என் வருத்தமெல்லாம் அந்த ஒரு நாள்மீதுதான். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ இப்படி நேர்ந்தால் யாரையும் திட்டாதீர்கள், யோசித்துக்கொண்டும் இருக்காதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வழி உண்டு. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.