முள்நாறிப் பழமும் மூக்கும்

அண்மையில் இடைவேளையின்போது ஒரு மாணவன் தன் உணவுப் பெட்டியை அவசரமாக மூடியதைக் கண்டோம். உள்ளே டுரியான் சுளைகள். சுற்றி நின்றோர் மூக்கைப் பொத்தி நகைத்துக் கொண்டிருந்தனர்.

தேக்கா சந்தையில் மல்லிகையை விரும்பி முகரும் நாம், டுரியானுக்கு முள்நாறி எனப் பெயரிட்டுள்ளோம். நாற்றம் என்பது பண்டு நறுமணத்தையும் குறித்த சொல்லே! எம்ஆர்டி இரயிலில் இப்பழத்திற்கு அனுமதி இல்லை என்பது உண்மைதான்.

2017ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பேராசிரியர் தே பின் தீன் முதலானோர் இதன் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவை ஏறத்தாழ 46,000. மனிதனுக்கு உள்ளவற்றைப் போல் இருமடங்கு. கந்தக மணத்தை உண்டாக்கும் மரபணு பிற செடிகளில் ஓரிரு படிகளே இருக்க, இதில் நான்கு உள்ளன. காட்டு விலங்குகளைத் தொலைவிலிருந்து அழைத்து, பழத்தை உண்பித்து, விதையைப் பரப்புவதற்கே இம்மணம் என்பது அவர்தம் கருத்து.

நாவோ இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் உள்ள உமாமி என்னும் ஐந்தையே அறியும். மற்றவற்றை அறிவது மூக்கு. ஐயமெனில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுளையைச் சுவையுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். விரலை எடுங்கள், டுரியான் வந்துவிடும். இதைச் செய்து பார்க்க அம்மாணவனே எமக்கு ஒரு சுளை தந்தான்.